சம்பந்தி சாப்பிட்ட பச்சை முட்டை

அதிசயம் ஒன்றை உண்டாக்குவதுகூடச் சுலபம். உண்டாக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மனிதப் பிறவியால் ஆகாத காரியம். இது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் தெரியவில்லை. அந்த ஒரு நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பக்கென்று அடைக்கிறது. என் அக்கா மீனாட்சிக்கு மட்டும் சிரிப்பு வருகிறது. (அவளுக்கு என்ன, அவளா ரப்பர் குழாயை விழுங்கினாள்?)

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் அரிமளத்துக்குக் கிழக்கே, வண்டிப்பாதையில் போக வேண்டிய சின்ன ஊர். அய்யாவுக்குக் கடலைக் கொல்லை, இரண்டு மாடு. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்காவை மணமேல்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டதால் வீட்டில் நான் மட்டும்தான். எனக்குத் துணை கோழிகள்.

அந்தச் சமயத்தில் யூனியன் ஆபீஸ்காரர்கள் ஊர் ஊராக வெள்ளைச் சேவல் கொடுத்தார்கள். லெகார்ன் என்று அதற்குப் பெயர். "இதை நாட்டுப் பெட்டையோட விடுங்க, பொறக்குற பெட்டை ரெண்டு மடங்கு முட்டை வைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் அந்தச் சேவல்களில் முக்கால்வாசி அந்த வாரமே குழம்பாகிவிட்டன. எங்கள் வீட்டுச் சேவல் மட்டும் பிழைத்தது. நான் அதைக் கட்டிக்கொண்டு அழுததால் ஆத்தா விட்டுவிட்டார். அவர்கள் சொன்னது போலவே அதன் பிள்ளைகள் முட்டையாய் வைத்துத் தள்ளின. ஆனால் எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளேரென்று இருந்தன. நாட்டுக்கோழி முட்டை என்றால் லேசாகச் செம்மண் சாயல் இருக்க வேண்டும், வெள்ளை முட்டையில் சத்து இல்லை என்பது ஊர்க்காரர்களின் தீர்ப்பு.

அப்போதுதான் எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. முட்டையின் எண்ணிக்கையைக் கலப்பால் கூட்ட முடியும் என்றால், அதன் நிறத்தை ஏன் மாற்ற முடியாது? எந்தப் பெட்டை எந்த நிறத்தில் வைக்கிறது என்று பார்த்து, கரித்துண்டால் முட்டையில் அடையாளம் போட்டு, வேண்டியதை மட்டும் அடைக்கு வைத்தேன். சாயங்காலமானால் கரு பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முட்டையாக விளக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். "முட்டைக்குள்ள என்னடி ஆடுது, சினிமாவா?" என்பார் ஆத்தா.

இந்த நேரத்தில் மலேயாவிலிருந்து ஈப்போ சித்தப்பா வந்து சேர்ந்தார். அய்யாவின் ஒன்றுவிட்ட தம்பி. மற்றவர்கள் அங்கிருந்து வரும்போது டார்ச் லைட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பிரம்புக் கூடையில் சேவல் கொண்டுவந்தார். கப்பல் மேல்தட்டில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படுத்து வந்தாராம். சாம்பல் நிறம், கன்னத்தில் பஞ்சு ஒட்டியது போல இரண்டு பக்கமும் தாடி.

"பக்கத்துக் கடைச் சீனாக்காரன் குடுத்தான். இந்த ஜாதி நீல முட்டை போடும்" என்றார் சித்தப்பா.

அய்யா சேவலைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "சேவலாப்பா போடும்?"

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஈப்போவில் குரங்கு தேங்காய் பறித்துப் போடும் என்று முந்தின தடவை சொன்னதையும் பொய் என்றே ஒதுக்கிவிட்டார்கள். (அது முழுக்க நெசம்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.) நான் மட்டும் நம்பினேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. தாடி வைத்த சேவல் ஒன்று இருக்க முடியுமென்றால் நீல முட்டை ஏன் இருக்க முடியாது?

சேவல் என் பொறுப்பாயிற்று. நாட்டுப் பெட்டை கொஞ்சம், வெள்ளைக் கலப்புப் பெட்டை கொஞ்சம் பிரித்து அதனுடன் விட்டேன். ஊர்ச் சேவல்கள் வேலி தாண்டி வந்து என் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கையில் வேப்பங்குச்சியோடு பகல் முழுவதும் காவல். பக்கத்து வீட்டுச் சேவலைத் தெரு முனை வரை விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கல்யாண வயதில் ஒரு பெண் குச்சியோடு சேவலை விரட்டுகிறாள் என்றால் ஊர் என்ன பேசும்? பேசியது.

குஞ்சுகள் பொரித்தன. வளர்ந்தன. பெட்டைகள் சிலவற்றுக்கு லேசாகத் தாடி. ஒரு நாள் காலையில் ஆத்தா கோழிக்கூண்டில் கைவிட்டவர், சுட்டதுபோல் உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"அடியே தெய்வான! பாம்பு வந்து முட்டை போட்டுருக்குடி!"

அய்யா கம்போடு ஓடி வந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வைக்கோலுக்கு நடுவே ஒரு முட்டை. வெள்ளையும் இல்லை, செம்மண்ணும் இல்லை. மாங்காய்ப் பிஞ்சு மாதிரி பச்சை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளைக் கலப்பில் பிறந்த பெட்டை ஒன்று வானத்து நீலத்தில் ஒன்று போட்டது. ஆத்தா அதைச் சமைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். முதலில் கிடைத்தவற்றையெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வேலிக்கு அப்பால் வீசினார். கடைசியில் அய்யாதான் ஒன்றை அவிக்கச் சொல்லி, உரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முட்டை மாதிரிதான் இருக்கு" என்றார்.

ஆனால் உடனே ஒரு உத்தரவும் போட்டார். "இந்த விசயம் இந்த வேலியத் தாண்டக் கூடாது. பச்ச முட்டை போடுற வீடுன்னு பேரு வந்துச்சுன்னா, நாளைக்கு ஒன்ன எவன் வந்து கட்டுவான்? மூத்தவ வாழ்க்கையும் இருக்கு."

அக்கா விஷயம் உண்மையிலேயே கொஞ்சம் இழுபறிதான். அவள் மாமியார், எங்களுக்குச் சம்பந்தியம்மா, கடற்கரைக்காரர். எங்களைத் தண்ணியில்லாக் காட்டு ஆட்கள் என்றுதான் சொல்வார். கல்யாணத்தில் சாம்பாரில் உப்புக் குறைந்தது முதல், மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டிக் கரை வரை அவருக்குக் குறை இருந்தது. அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். பேரனைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. சம்பந்தி மாமா, சம்பந்தியம்மா, அவர் தம்பி சிங்காரம் மூன்று பேரும் வந்தார்கள். இன்னும் மலேயா திரும்பாத ஈப்போ சித்தப்பாவும் விருந்துக்கு வந்திருந்தார்.

சம்பந்தி மாமா கருவாட்டு மண்டி வைத்திருந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய பசி. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார், எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொள்வார். வந்தவுடன் பேரனைத் தூக்கி ஒரு முத்தம், அடுத்த நிமிஷம், "சம்பந்தி, எலைய எப்பப் போடுறீக?"

அன்றைக்குக் கறிக்குழம்பு, வறுவல், ரசம், பலாச்சுளை, எல்லோருக்கும் அவித்த முட்டை. ஆத்தா காலையிலேயே என்னைத் தனியே கூப்பிட்டு, "வெள்ள முட்டை பத்தாது. அதையும் சேத்து அவிச்சு, நீயே உரிச்சு, ஓட்ட எல்லாம் எருக்குழியில பொதச்சுப்புடு. மூச்சு விடக் கூடாது" என்றார். உரித்துவிட்டால் எல்லா முட்டையும் ஒன்றுதானே! நான் உரித்தேன், புதைத்தேன், மூச்சு விடவில்லை.

மூச்சு விடாமல் இருந்திருப்பேன். சம்பந்தி மாமா என்னை விடவில்லை.

"ஆகா! கருவப் பாத்தியா சிங்காரம், சாமந்திப் பூவாட்டம்! இன்னொண்ணு வை பிள்ள. இந்த ருசி எங்க பக்கம் இல்ல. இன்னொண்ணு வை." அவர் கேட்கக் கேட்க நான் வைத்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மாகூட மறுபடி ஒன்று கேட்டு வாங்கினார். எங்கள் வீட்டில் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இலை எடுத்தாயிற்று. வெற்றிலைத் தட்டு வந்தது. மாமா சுவரில் சாய்ந்து, "எந்தக் கோழி முட்டை பிள்ள இது? நம்ம வீட்டுக்கும் ஒரு பெட்டை குடேன்" என்றார்.

ஆத்தா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஒரு முறை முறைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், "இருங்க மாமா, காட்டுறேன்" என்று உள்ளே ஓடினேன்.

(இந்த எடத்துல என் மேல எனக்கே வர்ற ஆத்திரத்தச் சொல்லி முடியாது.)

பித்தளைத் தட்டில் வைக்கோல் பரப்பி, பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், நடுவே வெள்ளை என்று கோலம் போட்டதுபோல அடுக்கி எடுத்து வந்தேன். மாமாவின் முன்னால் வைத்து, "இதுதான் மாமா நீங்க சாப்பிட்டது. எல்லாம் நானே கலப்புப் பண்ணினது" என்றேன்.

பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

மாமாவின் வாயில் வெற்றிலை மெல்லப்படாமல் நின்றது. சம்பந்தியம்மா எழுந்தார். தட்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அடி ஆத்தி! எங்கள எல்லாம் முடிச்சுட்டாகளே!"

சிங்காரத்துக்கு வைத்தியம் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் ஒரு பச்சை முட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, "மயில் துத்தம்" என்றார். "கோழிக்குத் துத்தத்தக் குடுத்துருக்காக. வெசம் முட்டையில ஏறிருச்சு. அதே கலரு, நான் பாத்துருக்கேன்."

அந்தச் சொல் முடியவில்லை, சம்பந்தி மாமா அப்படியே சாய்ந்தார். தூண் சாய்ந்தது போல இருந்தது. "வயித்தப் பெசையுது... வயித்தப் பெசையுது..." அவர் தின்ற பலாச்சுளைக்கு யார் வயிறும் பிசையத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் பலாப்பழத்தை யார் நினைத்தார்கள்?

"சாணியக் கரைச்சுக் குடுங்க! வாந்தி எடுக்கட்டும்!" என்று சம்பந்தியம்மா கத்தினார். அய்யா மாட்டுக் கொட்டத்துக்கு ஓடினார். சொம்பு வந்தது. மாமா ஒரு கண்ணைத் திறந்து சொம்புக்குள் பார்த்தார். "எனக்கு இப்பக் கொஞ்சம் தேவல" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தி பரிமாறிய நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. இது விஷமில்லை என்று நிரூபித்தே ஆகவேண்டும் என்ற வெறி வந்தது. தட்டிலிருந்து ஒரு பச்சை முட்டையை எடுத்தேன். எல்லோருக்கும் எதிரே ஓட்டில் துளை போட்டு, பச்சையாகவே அண்ணாந்து குடித்தேன். "பாருங்க! எனக்கு ஒண்ணும் ஆகல!"

சம்பந்தியம்மா ஒரு அடி பின்வாங்கினார். "பாத்தியாடா சிங்காரம்? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் அவளும் சாகத் துணிஞ்சுட்டா!"

நல்லது செய்யப்போய் நான் கொலைகாரி ஆனது போக, இப்போது தற்கொலைக்காரியும் ஆனேன். அதற்குள் சம்பந்தியம்மா தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். "எங்க பேரன் இனி ஒரு நிமிசம் இந்த வீட்டுல இருக்க மாட்டான்." பால்குடிக்கிற பிள்ளை வீறிட்டது. பிள்ளை பின்னால் அக்கா ஓடினாள். வண்டி ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சத்தம்கூடப் போடவில்லை.

"என் வாழ்க்கைய ஒரு கோழிகிட்ட குடுத்துட்டியேடி."

இரண்டு மாட்டு வண்டி கட்டி எல்லோரும் அரிமளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோயாளிகள் ஒரு வண்டி, நாங்கள் ஒரு வண்டி. சித்தப்பா மடியில் முட்டைத் தட்டு. வழியெல்லாம் அய்யா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கே இருந்த டாக்டர் மெலிந்த மனிதர், கோபக்காரர். முட்டையை வாங்கிக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தார். "சாயம் இல்லையே" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து அதை உடைத்து உள்ளே பார்த்தார். மேலே பச்சை, ஓட்டின் உள்பக்கமோ நல்ல நீலம்!

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "உள்ள வரைக்கும் ஊறியிருக்கு! சாப்பிட்ட எல்லாருக்கும் வயித்தைக் கழுவணும். ஒருத்தரை விடாதே."

அந்த வகை முட்டை வெளியே பச்சையாக இருந்தாலும் ஓட்டின் உள்பக்கம் நீலமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் கம்பவுண்டர் ரப்பர் குழாயை விட்டுவிட்டார்.

அது எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. வரிசையாக நின்றோம். மாமா, சம்பந்தியம்மா, சிங்காரம், அய்யா, ஆத்தா, சித்தப்பா, நான். பத்தியச் சாப்பாட்டில் இருந்த அக்கா மட்டும் தப்பினாள். "நான் வைத்தியம் பாக்குற ஆளு" என்று சிங்காரம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவருக்கும் உள்ளே போயிற்று. சம்பந்தியம்மா குழந்தையை அக்காவிடம் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த ஒன்றுதான் குழாயால் வந்த நன்மை. கம்பவுண்டர் நடராசன் இருபத்தைந்து வயதுப் பையன். எல்லோரிடமும், "இந்தா முடிஞ்சுபோச்சு, இந்தா முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினார். முடியவே இல்லை. சம்பந்தி மாமா வாளியில் குனிந்தபோது கம்பவுண்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் மெதுவாக, "சார், முக்காவாசியும் பலாச்சுளையா இருக்கு" என்றார். டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழாயை எடுத்தவுடன் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "தம்பிக்கு எந்த ஊரு?"

டாக்டர் தகவல் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்துவிட்டார். போலீஸ் என்றதும் ஆத்தா சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோழிக்கு என்னம்மா போட்ட?"

"கம்பு போட்டேன். சோளக் குருணை. சில நாளைக்குச் சோறு."

"அப்ப முட்டை ஏன் பச்சையா இருக்கு?"

"சேவல் ஈப்போவுலேருந்து வந்துச்சு."

ஏட்டு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வழக்கம்போல உண்மையை விவரமாகச் சொன்னார், சீனாக்காரன் முதல் கப்பல் வரை. ஏட்டு ஒன்றையும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு பேச்சு எதுக்கு? கோழியக் கொண்டாங்க. எம் முன்னாடி பச்ச முட்டை போட்டுச்சுன்னா கேஸ் இல்ல. போடலைன்னா கேஸு."

சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், தாடி வைத்த பெட்டை ஒன்றைக் கூடையில் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் வராந்தாவில் அதைப் பஞ்சாரக் கூடையால் மூடி வைத்தோம். எதிரே நாற்காலி போட்டு ஏட்டு. அவரைச் சுற்றி நாங்கள். எங்களைச் சுற்றி ஊர். கடைவீதி பூராவும் விஷயம் தெரிந்து கூட்டம் கூடிவிட்டது. வேர்க்கடலை விற்கிறவர் வந்தார், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு நோயாளியைப் பார்த்து முடித்ததும் வெளியே வந்து, "போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோழி போடவில்லை. நின்றது, நடந்தது, எல்லோரையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தது. தண்ணீர் குடித்தது. என் வாழ்நாளில் நான் எந்தச் சாமியையும் அப்படிக் கும்பிட்டதில்லை, அந்தக் கோழியைக் கும்பிட்டேன். சம்பந்தியம்மா திண்ணமாகச் சொல்லிவிட்டார்: "இது முடிஞ்சதும் எம் மருமக எங்கூட வண்டியேறுவா. திரும்ப இந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்." அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. அப்போது மருந்துப் பாட்டில்களோடு அந்த வழியாக வந்த கம்பவுண்டர் நின்று பார்த்தார்.

"இப்பிடி ஊரே கூடி நின்னு மொறச்சுப் பாத்தா யாருக்குத்தான் சார் வரும்?" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டார்.

கோழி வெளியே வந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. ஏட்டு, "யாரும் அசையக் கூடாது!" என்று அதட்டினார். கோழி நிதானமாக வராந்தாவில் நடந்து, ஆண்கள் வார்டுக்குள் போனது. முதல் கட்டிலில் சம்பந்தி மாமா, ஆஸ்பத்திரிச் சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். கோழி ஒரு தாவு தாவிக் கட்டிலில் ஏறி, அவர் முழங்கால்களுக்கு நடுவில் கம்பளி குழிந்திருந்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

மாமாவின் முனகல் நின்றது. கண் இரண்டும் பிதுங்கின.

"ஏட்டய்யா..." என்றார் மெல்ல.

"மூச்சு விடாதீக!" என்றார் ஏட்டு.

ஜன்னல் முழுவதும் தலைகள். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வாசலில் நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு கோழிக்காகச் சிலையாகப் படுத்திருந்ததை நான் அதன்பிறகு எங்கும் பார்த்ததில்லை. வேர்வை மட்டும் அவர் காதோரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கோழி கொஞ்சம் எழுந்து, கழுத்தை நீட்டி, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கீழே குதித்தது. குதித்ததும் தொண்டை கிழியக் கொக்கரித்தது.

சிவப்புக் கம்பளியின் நடுவில் பச்சை முட்டை.

ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் பச்சையாகவே இருந்தது. "எல்லாரையும் டிஸ்சார்ஜ் பண்ணு" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

மாமா முட்டையைக் கையில் எடுத்தார். "சூடா இருக்கு" என்றார். பிறகு அவர் முகம் மெல்ல விரிந்தது. "எம் மேல போட்டுச்சு சிங்காரம்! மண்டியில சொன்னா எவனாவது நம்புவானா?" சிரிக்க ஆரம்பித்தார். கட்டிலே ஆடியது. அவர் சிரித்தால் பக்கத்தில் இருக்கிறவர்களால் சும்மா இருக்க முடியாது. ஏட்டு சிரித்தார், அய்யா சிரித்தார், அதுவரை அழுதுகொண்டிருந்த ஆத்தா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. முட்டையை வெகு நேரம் பார்த்துவிட்டு, "போட்டுச்சு, சரி. ஆனா பச்சையா ஏன் போடணும்?" என்றார்.

"அதுக்குக் கோழி மேலதாம்மா கேஸ் போடணும்" என்றார் ஏட்டு.

அக்காவை அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பிள்ளைக்குப் பேரு வைக்கிற வரைக்கும் இங்கிட்டே இருக்கட்டும். நான் வந்து வந்து பாத்துக்கிறேன்." வந்து வந்துதான் பார்த்தார். பேரனைப் பார்க்க ஒரு நிமிஷம், முட்டைக்கு மீதி நேரம். சம்பந்தியம்மா சாகும் வரை எங்கள் வீட்டில் முட்டை தொடவில்லை. ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையை முதலில் எடுத்துவிடுகிறவர் அவர்தான். அவர் சொல்லும்போது கோழி மூன்று முட்டை போடும்.

அடுத்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து கூண்டு முழுவதும் காலியாயிற்று. தாடிச் சேவலும் போயிற்று. ஈப்போ சித்தப்பா மறுபடி கப்பலேறியபோது இன்னொன்று கொண்டுவருவதாகச் சொன்னார். டார்ச் லைட்தான் கொண்டுவந்தார்.

மாமா சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரத்தில் கம்பவுண்டரின் ஊர், அப்பா பெயர், அம்மா வழி, அத்தை வழி எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தார். தூரத்துச் சொந்தமாகவும் வந்துவிட்டது. மறு வருஷம் தை மாதம் எனக்கும் நடராசனுக்கும் கல்யாணம். பச்சை முட்டை வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான் என்று அய்யா பயந்தாரே, அந்தப் பயம் தீர்ந்தது. பந்தியில் முட்டை வைக்கலாமா என்று ஆத்தா கேட்டதற்கு மட்டும் இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் ஒரு பெண்பார்க்கும் பேச்சு வந்துவிட்டால் போதும், இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் எழுந்து உள்ளே போனாலும் குரல் வரும்.

"எல்லாரும் பொண்ணோட மொகத்தப் பாத்துக் கட்டுவாக. நான் ஒருத்தன்தான் உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கட்டுனவன்."

யாராவது ஒரு புது ஆள், "என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டு மாட்டிக்கொள்வார்.

"ஒரே ஒரு முட்டை. வேற கள்ளங்கபடு ஒண்ணும் இல்ல."